ஆஸ்பத்திரி சாய்தளத்தில் வழுக்கி விழுந்த அம்மா: இழப்பீட்டை யாரிடம், எப்படிக் கேட்பது?

பாம்பன் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது சுருக்கமாக இது. அக்காவைப் பிரசவத்துக்காக ராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். கூட இருந்து பார்த்துக்கொள்ள அம்மா தங்கியிருந்தார். ஐப்பசி மழை. வார்டிலிருந்து கேண்டீனுக்கு இறங்கும் சாய்தளத்தில் மழைத்தண்ணீர் வழிந்து நின்றிருக்கிறது. வெந்நீர் வாங்கப் போன அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. அங்கேயே எக்ஸ்ரே எடுத்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். வயது 54, பாசி எடுக்கக் கடலுக்குப் போகிறவர். "உங்கள் அக்கா பில்லில் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம், இந்தப் பேப்பரில் கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று மேனேஜர் சொல்கிறாராம். டாக்டர் மேல் கேஸ் போடலாமா, எங்கே போடுவது, எவ்வளவு கிடைக்கும்?

தம்பி, முதலில் அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடாதீர்கள், அம்மாவின் கைநாட்டும் வேண்டாம். அநேகமாக அதில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். வற்புறுத்தி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று பிறகு வாதாடலாம்தான், ஆனால் அது தனிக் கேஸாக இழுக்கும். பில்லில் தள்ளுபடி கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதின் மேல் "எங்கள் உரிமைகளுக்குப் பாதகமின்றிப் பெற்றுக்கொண்டோம்" என்று கையால் எழுதிவிட்டு, அதை ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள்.

அடுத்து, டாக்டரை விட்டுவிடுங்கள். இதில் டாக்டருக்கு வேலையே இல்லை. ஆஸ்பத்திரியில் எது நடந்தாலும் மருத்துவ அலட்சியம் என்று புகார் எழுதுவது நம் பக்கத்தில் பழக்கமாகிவிட்டது. அப்படி எழுதினால் ஆஸ்பத்திரிக்குத்தான் வசதி. டாக்டர் மேல் கிரிமினல் நடவடிக்கை என்றால் வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் சொன்னது. அந்தக் கருத்துக்காகவே மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். உங்கள் அம்மா விழுந்தது சிகிச்சையில் அல்ல, தரையில். தண்ணீர் நின்றதா, அது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டுமா, தெரிந்தும் சும்மா இருந்தார்களா? இந்த மூன்றைக் காட்டினால் போதும். எந்த நிபுணரும் தேவையில்லை. பொதுமக்கள் வந்துபோகும் கட்டடத்தை யார் கையில் வைத்திருக்கிறார்களோ, அதை ஆபத்தில்லாமல் வைத்திருக்கும் கடமையும் அவர்களுடையதே. டெல்லி சாந்தினி சவுக் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்கில் 1966-இலேயே உச்ச நீதிமன்றம், பராமரிக்க வேண்டிய மாநகராட்சிதான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

ஆஸ்பத்திரி என்ன பதில் சொல்லும் என்று இப்போதே சொல்லிவிடலாம். "மழை பெய்தது, நாங்கள் என்ன செய்ய?" என்பார்கள். இந்தக் கடற்கரையில் ஐப்பசி, கார்த்திகையில் மழை வருவது யாருக்கும் புதிது கிடையாது. வருஷா வருஷம் வருகிற ஒன்றை எதிர்பாராத இயற்கைச் சீற்றம் என்று சொன்னால் எடுபடாது. உப்புக்காற்றும் அப்படித்தான். மண்டபத்திலிருந்து தொண்டி வரைக்கும் கடலோரம் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் கைப்பிடிக் கம்பி துருவேறியிருக்கும், சன்ஷேடில் காரை பெயர்ந்து கம்பி தெரியும். இங்கே கட்டடம் வைத்திருப்பவருக்கு உப்புக்காற்று ஒரு சாக்கு ஆகாது. மற்ற ஊர்க்காரரைவிட அடிக்கடி பார்த்துச் சரிசெய்ய வேண்டும் என்பதற்கு அதுவே காரணம். பிடித்துக்கொள்ளப் போன கம்பி கையோடு ஆடியது என்று அம்மா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதைக் கட்டாயம் சேருங்கள்.

அந்தச் சாய்தளத்தை ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் புழங்கும் பொதுக்கட்டடங்களுக்கான மத்திய அரசின் வழிகாட்டு விதிமுறைப்படி சாய்தளத்தின் சரிவு ஒன்றுக்குப் பன்னிரண்டு, அதாவது ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கைப்பிடி, வழுக்காத தரை. நம் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிகள் பலவற்றில் மூன்று படிக்கட்டின் மேல் சிமெண்டைப் போட்டு மெழுகி, பளபளவென்று டைல்ஸ் ஒட்டி, அதையே சாய்தளம் என்பார்கள். இரண்டடி உயரத்தை எட்டடியில் இறக்கியிருந்தால் அந்த அளவே உங்களுக்கு ஒரு சாட்சி. டேப் தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள்.

இன்னொன்று, செருப்பு. "ரப்பர் செருப்பு போட்டு வந்தார், அதனால் வழுக்கினார்" என்பது வழக்கமான எதிர்வாதம். அந்த வார்டு வாசலில் "காலணிகளை வெளியே விடவும்" என்று பலகை இருக்கிறதா பாருங்கள். இருந்தால், வெறுங்காலோடு ஈர டைல்ஸில் நடக்க வைத்ததே அவர்கள்தான். அந்தப் பலகையையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா பக்கமும் கொஞ்சம் கவனக்குறைவு உண்டு என்று தீர்ப்பாகிவிட்டால்கூட கேஸ் தள்ளுபடி ஆகாது, தொகை குறையும்.

இனிமேல் சொல்வதை இந்த வாரமே செய்ய வேண்டும். சி.சி.டி.வி. பதிவு பல இடங்களில் இரண்டு மூன்று வாரத்தில், மிஞ்சினால் ஒரு மாதத்தில் தானாக அழிந்து, அதன் மேல் புதுப் பதிவு ஏறிவிடும். ஆகவே வக்கீல் நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் நீங்களே ஒரு வெள்ளைத்தாளில் எழுதுங்கள்: இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன சாய்தளம், அந்த இடத்துக் கேமரா பதிவை அழிக்காமல் பாதுகாத்து ஒரு நகல் தரவும். நேரில் கொடுத்து சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட், அதோடு ஆஸ்பத்திரியின் மெயிலுக்கும் ஒன்று. கேட்ட பிறகும் பதிவு இல்லை என்றால், அவர்களுக்குப் பாதகமாக இருந்ததால்தான் தரவில்லை என்று முடிவுக்கு வர நீதிமன்றத்துக்கு இடமுண்டு. செல்போனில் அன்றைக்கு யாராவது எடுத்த படம், வீடியோ இருந்தால் அந்தப் போனை விற்கவோ ஃபார்மட் செய்யவோ வேண்டாம். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த நகலைவிட மூலப்பதிவுக்குத்தான் மதிப்பு.

அதைவிட முக்கியமானது எக்ஸ்ரே எடுத்த நேரத்தில் அவர்கள் எழுதிய குறிப்பு. விழுந்தவரைக் கொண்டுவந்ததும் எங்கே, எப்படி அடிபட்டது என்று ஒரு வரி எழுதுவார்கள். மதுரையிலும் ஏ.ஆர். என்கிற விபத்துப் பதிவேட்டில் எழுதியிருப்பார்கள். அந்த வரியில் "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று இருந்துவிட்டால் உங்கள் கேஸில் பாதி போயிற்று. பதற்றத்தில் கூட வந்தவர் "வழுக்கி விழுந்துட்டாங்க" என்று மட்டும் சொல்ல, எழுதுகிறவர் வீடு என்று போட்டுக்கொள்வது நடக்கிற விஷயம்தான். வேண்டுமென்றே எழுதுவதும் உண்டு. ஆகவே இரண்டு இடத்திலும் முழு மருத்துவப் பதிவுகளையும் எழுதிக் கேளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதி. மதுரையில் அரசு ஆஸ்பத்திரி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடும் ஒரு மனு போடலாம். தப்பாக எழுதியிருந்தால் உடனே திருத்தம் கேட்டு கடிதம் கொடுங்கள். இரண்டு வருஷம் கழித்துக் கூண்டில் நின்று சொல்வதைவிட, விழுந்த ஒரு மாதத்துக்குள் எழுதிய கடிதத்தைத்தான் நம்புவார்கள்.

சாட்சிக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்களின் உறவினர் யாராவது கிடைத்தால் நல்லது. பிரசவ வார்டில் ஆளுக்கு ஆள் போன் நம்பர் வாங்கிக்கொள்வார்கள், அக்காவிடம் கேட்டுப் பாருங்கள். துடைக்க வந்த ஹவுஸ்கீப்பிங் அம்மாவை சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம் என்பது என் எண்ணம். உண்மையைச் சொன்னால் அவருக்கு வேலை போகும், சொல்லாவிட்டால் உங்களுக்குப் பயனில்லை.

சுத்தம் செய்யும் வேலையைக் காண்ட்ராக்டில் விட்டிருக்கிறோம், அவர்களைக் கேளுங்கள் என்றும் சொல்வார்கள். கேட்க வேண்டியதில்லை. உள்ளே வேலை செய்பவர்களின் தவறுக்கு ஆஸ்பத்திரிதான் பதில் சொல்ல வேண்டும், ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துச் சேர்க்கும் கடமை பாதிக்கப்பட்டவருக்கு இல்லை என்பது 2004-ஆம் வருஷ சவிதா கார்க் தீர்ப்பின் சாரம். அது டாக்டர்களை வைத்து வந்த வழக்கு என்றாலும் தரை துடைப்பவருக்கும் அதே நியாயம் பொருந்தும். ஆனால் கட்டடம் வாடகைக்கு எடுத்தது என்றால் உரிமையாளரையும் எதிர்தரப்பாகச் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுவார்கள்.

சரி, எங்கே போவது? கன்ஸ்யூமர் கோர்ட் என்று நாம் சொல்கிற மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் ராமநாதபுரத்திலேயே இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்க்கும் ஆஸ்பத்திரி நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்பது 1995-ஆம் ஆண்டு வி.பி. சாந்தா தீர்ப்பிலேயே முடிந்துபோன விஷயம். இப்போது நடப்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம். ஆஸ்பத்திரிக்கு நீங்கள் கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. கட்டிய தொகைதான் கணக்கு, கேட்கும் இழப்பீடு அல்ல. பலர் இதைக் குழப்பிக்கொண்டு பயப்படுகிறார்கள். சம்பவம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு, மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நோயாளி அக்கா, விழுந்தது அம்மா. "அந்த அம்மா எங்கள் நுகர்வோரே இல்லை" என்பார்கள். இதற்குப் பதில் பெரும்பாலும் பில்லிலேயே கிடைக்கும். அட்டெண்டர் கட்டில், அட்டெண்டர் பாஸ் என்று ஒரு வரி, நூறோ இருநூறோ போட்டிருப்பார்கள். நோயாளியோடு ஒருவர் தங்கியே ஆக வேண்டும் என்பது அவர்கள் போட்ட விதி. சேவைக்குப் பணம் கொடுத்தவர் மட்டுமல்ல, அவர் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர் என்று சட்டத்தின் வரையறையே சொல்கிறது. 1998-இல் ஸ்பிரிங் மெடோஸ் வழக்கில் சிகிச்சை பெற்ற குழந்தையோடு பெற்றோரும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அம்மாவை முதல் மனுதாரராகவும், பணம் கட்டிய அத்தானையோ அக்காவையோ இரண்டாவதாகவும் போட்டுவிடுங்கள். சும்மா ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்த உறவினர் விழுந்திருந்தால் இந்த வழி கஷ்டம்தான்.

அந்தக் கஷ்டம் இல்லாத இன்னொரு கதவு இருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கீழ் வரும் நிரந்தர மக்கள் நீதிமன்றம். எப்போதாவது சனிக்கிழமை நடக்கும் லோக் அதாலத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பஸ், தபால், மின்சாரம் போலப் பொதுப்பயன்பாட்டுச் சேவைகளில் வரும் தகராறுகளுக்கென்றே உள்ளது. ஆஸ்பத்திரிச் சேவையும் அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு கோடி ரூபாய் வரை விசாரிக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. முதலில் சமரசம் பேசுவார்கள், ஒத்துவராவிட்டால் அவர்களே தீர்ப்பும் சொல்லலாம். ஆனால் அங்கே மனு போட்ட பிறகு அதே விஷயத்தை வேறு கோர்ட்டுக்குக் கொண்டுபோக முடியாது, அதன் தீர்ப்புக்கு அப்பீலும் இல்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிய பிறகு ஆஸ்பத்திரி ஓரளவு இறங்கி வந்தால் இங்கே போய் முடியுங்கள். கறாராக மறுத்தால் நுகர்வோர் ஆணையம். இது என் கணிப்பு, உங்கள் வக்கீல் வேறு மாதிரி நினைக்கலாம்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண்கள் வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெறலாம். ராமநாதபுரம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அம்மாவின் ஆதார் நகலோடு போங்கள், அல்லது 15100 என்ற எண்ணில் கேளுங்கள். நிரந்தர மக்கள் நீதிமன்றம் எங்கே, எந்த நாளில் அமர்கிறது என்பதையும் அங்கேயே சொல்வார்கள்.

ஊர்க் கமிட்டியில் பேசி முடிக்கலாம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். நம் கரையோர ஊர்களில் அது மரியாதையான வழிதான், நான் குறை சொல்லவில்லை. பேசுகிற அன்றைக்குத் தொகை, தேதி, காசோலை எண் எல்லாம் எழுத்தில் வந்தால் சரி. "அப்புறம் பார்த்துச் செய்கிறோம்" என்பதை நம்பி இரண்டு வருஷக் கெடுவைக் கடத்திவிடாதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விக்கு ஒரே எண்ணைச் சொல்ல முடியாது. ஆனால் கணக்கு எப்படி ஓடும் என்று காட்டலாம். இடுப்பு முறிவில் மருத்துவர் குழு ஊனம் 30 சதவீதம் என்று சான்று தருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆஸ்பத்திரி வக்கீல் அந்த 30-ஐயே பிடித்துக்கொள்வார். ஆனால் உடலின் ஊனம் வேறு, சம்பாதிக்கும் திறனின் இழப்பு வேறு என்று 2011-இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பிரித்திருக்கிறது. மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அதே இடுப்பு முறிவால் சம்பளம் குறையாமல் போகலாம். பாறையில் கால் ஊன்றி, அலையில் நின்று, மூழ்கிப் பாசி பறிக்கிறவருக்கு அது தொழிலையே எடுத்துவிடும். மாதம் 9,000 ரூபாய் வருமானம், திறன் இழப்பு 60 சதவீதம் என்று நிரூபித்தால், 51 முதல் 55 வயதுக்கு வாகன விபத்து வழக்குகளில் பயன்படுத்தும் பெருக்கல் எண் 11. வருஷ வருமானம் 1,08,000. அதைப் பதினொன்றால் பெருக்கி 60 சதவீதம் எடுத்தால் 7,12,800. இதோடு வலி வேதனை, கூட இருந்து பார்த்துக்கொண்டவரின் கூலி, மதுரைக்குப் போய்வந்த செலவு, வைத்த பிளேட்டைப் பிறகு எடுக்க ஆகும் செலவு எல்லாம் தனித்தனி. நுகர்வோர் ஆணையம் இதே வாய்ப்பாட்டைத்தான் பின்பற்ற வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனாலும் மனுவில் இப்படிக் கணக்கைப் போட்டுக் கேட்பதற்கும் "பத்து லட்சம் தாருங்கள்" என்று மொட்டையாகக் கேட்பதற்கும் நிறைய வித்தியாசம்.

சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வருமானத்தை எதைக் கொண்டு காட்டுவது? பாசி வியாபாரி எடை போட்டு எழுதித் தரும் சிட்டைகள், சுயஉதவிக் குழுவில் கட்டிய தவணைப் புத்தகம், மீனவர் நல வாரிய அட்டை, மீனவர் கூட்டுறவு சங்க உறுப்பினர் சான்று. வியாபாரியிடம் ஒரு பிரமாணப் பத்திரம் வாங்க முடிந்தால் இன்னும் பலம். அம்மாவின் வீட்டு வேலையையும் விட்டுவிடாதீர்கள். இல்லத்தரசியின் உழைப்புக்கும் பண மதிப்பு உண்டு என்பதை 2021-இல் கீர்த்தி வழக்கிலும் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது.

முதல்வர் காப்பீட்டு அட்டையில் ஆபரேஷன் நடந்திருந்தால், "செலவே ஆகவில்லையே" என்பார்கள். ஆபரேஷன் செலவு ஆகாமல் இருந்திருக்கலாம், வருமானமும் வலியும் அட்டையில் வராது. மீனவர்களுக்கான குழு விபத்துக் காப்பீட்டில் அம்மாவின் பெயர் இருக்கிறதா என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். விபத்தில் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 25,000 ரூபாய் வரை அதில் உண்டு.

போலீஸ் புகார் தேவையா? அலட்சியத்தால் கொடுங்காயம் ஏற்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதா 125-இல் குற்றம்தான். ஒரு புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கி வைப்பது தேதிக்கு ஆதாரமாக இருக்கும். அதற்கு மேல் அதன் பின்னால் ஓட வேண்டாம், அது இழப்பீடு வாங்கித் தராது. மருத்துவப் பணிகள் இணை இயக்குநருக்கு, ஜே.டி. என்பார்களே அவருக்கு, ஒரு மனு கொடுங்கள். தனியார் ஆஸ்பத்திரிகள் 1997-ஆம் ஆண்டு மாநிலச் சட்டப்படி பதிவு பெற்று நடப்பவை. அவர் பணம் வாங்கித் தர மாட்டார், ஆனால் வந்து பார்த்துக் குறிப்பு எழுதினால் அது உங்களுக்கு உதவும்.

இதைப் படிக்கிற வேறு யாருக்காவது அரசு ஆஸ்பத்திரியில் இப்படி நடந்திருந்தால் பாதை மாறும். எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் இடம் நுகர்வோர் சட்டத்தில் வராது. நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்குப் போகலாம். நடந்ததில் பெரிய தகராறு இல்லை, மேலிருந்து காரை பெயர்ந்து தலையில் விழுந்தது பதிவேட்டிலேயே இருக்கிறது என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் போட்டு இழப்பீடு கேட்கலாம். சிவில் வழக்கு என்றால் அரசுக்கு இரண்டு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டுத்தான் போட முடியும், கோர்ட் கட்டணமும் உண்டு. காலக்கெடு பற்றி வாதம் வராமல் இருக்க ஒரு வருஷத்துக்குள் போட்டுவிடுவது நல்லது. கட்டடத்தைப் பராமரிப்பது பொதுப்பணித்துறை என்றால் அவர்களையும் சேர்க்க வேண்டும். திங்கள்கிழமை கலெக்டர் மனு நாளில் கொடுக்கும் மனுவின் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.

கடைசியாக, வக்கீல் நோட்டீஸில் ஆஸ்பத்திரிக்குப் பொறுப்புக் காப்பீடு, அதாவது அவர்கள் தர வேண்டிய இழப்பீட்டைக் கட்டும் இன்சூரன்ஸ், இருக்கிறதா, எந்த நிறுவனம் என்று ஒரு வரி கேளுங்கள். இருந்தால் மேனேஜரின் பேச்சு மாறும், ஏனென்றால் பணம் அவர் கல்லாவிலிருந்து போகாது. இல்லாமல் ஆணையம் வரை போய்த் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், 45 நாளுக்குள் அவர்கள் மாநில ஆணையத்துக்கு அப்பீல் போகலாம். போக வேண்டுமானால் தீர்ப்பான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அப்பீலும் இல்லாமல் பணமும் தராமல் இழுத்தடித்தால் அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை விதிக்க சட்டத்தின் 72-ஆம் பிரிவில் இடமிருக்கிறது.